இஞ்சி பீர் எங்கே பிசகியது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

போன டிசம்பரில் ஒரே நாளில், ஒரே மூட்டை இஞ்சியில், ஒரே அளவுச் சர்க்கரையில் இரண்டு வீட்டில் இஞ்சி பீர் போட்டோம். தேனி மாவட்டக் கம்பத்தில் எங்கள் வீட்டில் இரண்டாம் நாள் காலையிலேயே பாட்டில் கல் மாதிரி இறுகிவிட்டது. மலை ஏறினால் கேரளத்துக் குமுளியில் மாமா வீடு. அங்கே நான்காம் நாள்கூட அமுக்கினால் பாட்டில் உள்ளே போனது. மாமா போன் போட்டு, "தாயி, நீ குடுத்த உறை செத்துப்போச்சு போல, கீழே ஊத்திரட்டுமா?" என்று கேட்டார். ஊற்ற வேண்டாம், அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள் என்றேன். ஆறாம் நாள் அருமையாக நுரைத்தது. உறை சாகவில்லை, குளிரில் மெதுவாக வேலை செய்தது, அவ்வளவுதான்.

இஞ்சி பீரில் வரும் தொல்லைகளில் பாதி இப்படிப்பட்டவை. பார்த்தால் கெட்டுப்போனது போல இருக்கும், கெட்டிருக்காது. மீதிப் பாதி, நன்றாக இருப்பது போலத் தெரிந்து கையைக் காயப்படுத்தக் கூடியவை. எது எது என்று பிரித்தறிய மூக்கும் விரலும் ஒரு நோட்டும் வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பார்லி மால்ட்டும் ஹாப்ஸும் போட்டு வீட்டிலேயே பீர் காய்ச்சலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம், அந்தப் பக்கம் கேரளத்தில் அப்காரி சட்டம், இரண்டுமே உரிமம் இல்லாமல் மது தயாரிக்க இடம் தரவில்லை. அதனால் நான் எழுதுவது இனிப்பும் காரமும் நுரையுமாக, புளிக்கத் தொடங்கியதும் குளிர வைத்துக் குடித்து முடிக்கிற இஞ்சி பானத்தைப் பற்றி. பெயரில் பீர் இருப்பது பழைய ஆங்கில வழக்கம். கழுவுவதும் குறித்துவைப்பதும் பீர் காய்ச்சுபவர்கள் செய்வதைப் போலவேதான், அதில் சலுகை கிடையாது.

நான் போடும் அளவு இது. 5 லிட்டருக்கு 200 கிராம் இஞ்சி, 500 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, 250 மில்லி இஞ்சி உறை. இஞ்சியைத் தட்டிச் சர்க்கரையோடு ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் 5 லிட்டர் ஆக்கி, முழுக்க ஆறியபிறகு சாறும் உறையும் சேர்த்துப் பாட்டிலில் அடைப்பேன். உறை என்று நான் சொல்வது தோலோடு துருவிய இஞ்சி, சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் கண்ணாடி ஜாடியில் போட்டு, தினமும் இரண்டு இரண்டு டீஸ்பூன் இஞ்சியும் சர்க்கரையும் ஊட்டி வளர்ப்பது. தயிருக்கு உறை மோர் எப்படியோ அப்படி. 'ஊறல்' என்று மட்டும் எங்கள் வீட்டில் சொல்ல மாட்டோம். இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் கள்ளச்சாராய ஞாபகம்தான் வரும்.

உறைக்குள் ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழ்கின்றன. இந்தக் கூட்டு வாழ்க்கையை முதலில் ஆராய்ந்து எழுதியவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஹாரி மார்ஷல் வார்டு. ஆண்டு 1892. இங்கிலாந்து வீடுகளில் கைமாறி வந்த 'இஞ்சி பீர் செடி' உண்மையில் செடியே இல்லை, ஒரு ஈஸ்டும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் கட்டி என்று அவர் காட்டினார். அதற்குப் பத்து வருடம் முன்னால் அவர் இலங்கையில் காப்பி இலைத்துரு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தவர். காப்பியும் தேயிலையும் சூழ்ந்த மலையடியில் உட்கார்ந்து இஞ்சி பீர் போடும்போது எனக்கு அவர் ஞாபகம் வருவதுண்டு. நம் ஜாடி உறையில் இருப்பது அதே கட்டி இல்லை. இஞ்சித் தோலில் தானாக ஒட்டியிருக்கும் ஈஸ்டும் லாக்டிக் பாக்டீரியாவும்தான். ஆனால் கூட்டணி அதே மாதிரிதான்.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

உறை பொங்கவே இல்லை

கம்பத்து வெயிலில் மூன்றாம் நாளில் குமிழி வர வேண்டும். குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் மார்கழிக் குளிரில் ஒரு வாரம்கூட ஆகும். அதற்குள் கொட்டிவிடாதீர்கள்.

ஒரு வாரம் தாண்டியும் அசைவில்லை என்றால் இஞ்சியைச் சந்தேகியுங்கள். தோல் சீவிப் போட்டீர்களா? ஈஸ்ட் தோலில்தான் இருக்கிறது. பளபளவென்று கழுவி மெருகேற்றிய இஞ்சியா? அதை விட்டு, மண் ஒட்டிய இஞ்சியை வாங்கி லேசாக மட்டும் கழுவிப் போடுங்கள். வயநாட்டுப் பக்கத்திலிருந்து வரும் ரியோ டி ஜெனிரோ ரகம் நார் குறைவு, சாறு அதிகம். உறைக்கு எனக்கு அது நன்றாக வருகிறது. 'மாறன்' ரகம் சுக்குக்குப் பேர்போனது.

இஞ்சி சரி என்றால் அடுத்தது தண்ணீர். குளோரின் வாசம் அடிக்கிற குழாய்த் தண்ணீர் உறையைத் தூங்கவைத்துவிடும். கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதும்.

உறை பொங்குகிறது, பாட்டிலில் நுரையே வரவில்லை

இதற்குத்தான் நான் ரொம்ப நாள் திண்டாடினேன். மூன்று தடவை வரிசையாகச் சப்பென்று போனது. மூடி சரியில்லை என்று ரப்பர் வளையங்களை எல்லாம் மாற்றினேன். அதற்குப் பிறகும் ஒரு தடவை சப்பென்றே வந்தது. கடைசியில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நன்றாக வந்த நாள்களையும் வராத நாள்களையும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். வராத நான்கிலும் 'தண்ணீர்' என்ற இடத்தில் 'குழாய்' என்று எழுதியிருந்தது. நன்றாக வந்தவற்றில் 'காய்ச்சியது'. இஞ்சியைக் கொதிக்கவைத்த ஒன்றரை லிட்டரில் குளோரின் போயிருக்கும். அவசரத்தில் மேலே ஊற்றிய மூன்றரை லிட்டர் பச்சைக் குழாய்த் தண்ணீரில் இருந்தது. மேல்நிலைத் தொட்டி கழுவிய வாரமென்றால் கேட்கவே வேண்டாம். நோட்டு இல்லையென்றால் நான் இன்னும் மூடியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பேன்.

தண்ணீரும் சரியென்றால் இந்த வரிசையில் பாருங்கள். உறை ஊற்றும்போது பாகு எவ்வளவு சூடு? 40 டிகிரியைத் தாண்டினாலே ஈஸ்டுக்கு ஆபத்து. பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் சூடே தெரியக் கூடாது. உறையைக் கடைசியாக ஊட்டியது எப்போது? முதல் நாள் ஊட்டி, நுரை உச்சத்தில் இருக்கும்போது எடுப்பதுதான் நல்லது. வடிகட்டும்போது அடியில் இருந்த வெள்ளை வண்டலை விட்டுவிட்டீர்களா? அந்த வண்டலில்தான் ஈஸ்ட் இருக்கிறது, ஜாடியைக் கலக்கிவிட்டு ஊற்றுங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தால் அப்புறம் மூடியைப் பாருங்கள்: பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் பிடித்தால் கசிகிற இடத்தில் குமிழி வரும்.

திறந்ததும் பீறிட்டு அடிக்கிறது, அல்லது பாட்டில் பயமாக இறுகியிருக்கிறது

இதை நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் ருசிக் குறை, இது காயம்.

கணக்கு இப்படி. ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரை புளித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு உண்டாகும். கடைக் குளிர்பானத்தில் ஒரு லிட்டருக்கு இருப்பது மூன்றரை, நான்கு லிட்டர் வாயு. அதாவது நம் பாட்டிலில் லிட்டருக்கு 16 கிராம் சர்க்கரை தீர்ந்தாலே கடைச் சோடா அளவு வந்துவிடும். நாம் போட்டதோ 100 கிராம். மிச்சம் 84 கிராம் அங்கேயே காத்திருக்கிறது. அதைத் தடுத்து வைத்திருப்பது குளிர்சாதனப் பெட்டியின் குளிர் மட்டும்தான். குளிரில் ஈஸ்ட் சாவதில்லை, தூங்குகிறது. மின்சாரம் போனால் எழுந்துவிடும்.

எனக்கு நடந்தது மே மாதத்தில். கல்யாணத்துக்காக இரண்டு நாள் ஊரில் இல்லை. அந்த நேரம் பார்த்து நெடுநேர மின்வெட்டு. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பெட்டிக்குள் கண்ணாடித் தூள். அழகுக்காக வாங்கிய சதுரப் பாட்டில், கம்பி மூடி போட்டது. சதுரக் கண்ணாடி அழுத்தம் தாங்காது. மூலைகளில் விசை குவியும். ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அன்றிலிருந்து இஞ்சி பீர் அடைக்கக் கண்ணாடிப் பாட்டில் எங்கள் வீட்டில் கிடையாது, பழைய சோடா, கோலா வந்த பிளாஸ்டிக் பாட்டில்கள் மட்டும்தான். அழுத்தத்துக்கென்றே செய்தவை, விரலால் அமுக்கியும் பார்க்கலாம். தண்ணீர் பாட்டில் வேண்டாம், அது மெல்லிசு.

கோலி சோடா பாட்டில் தடித்த கண்ணாடிதானே, அதில் அடைக்கலாமா என்று மாமா கேட்டார். ஹைரம் காட் 1872-ல் காப்புரிமை வாங்கிய அந்தப் பாட்டிலில் கோலியை மேலே தள்ளி மூடுவது உள்ளே இருக்கும் வாயுதான். அழுத்தத்தோடு நிரப்பித் தலைகீழாகத் திருப்பும் இயந்திரம் வேண்டும். வீட்டில் நடக்காது.

இப்போது கையில் இறுகிய பாட்டில் இருக்கிறது, என்ன செய்வது? சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே தொடாதீர்கள். பிளாஸ்டிக் என்றால் குளிர்பெட்டியில் ஒரு இரவு வையுங்கள். குளிர்ந்த திரவம் வாயுவை உள்ளே பிடித்துக்கொள்ளும், அழுத்தம் இறங்கும். மறுநாள் வாளிக்குள் வைத்து, மேலே கனத்த துண்டைப் போட்டு, மூடியைக் கால் சுற்று திருப்பி, உஸ் சத்தம் நின்றபிறகு அடுத்த கால் சுற்று. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி என்றால் அந்த இரவுக்கும் முன்னால், எடுக்கும்போதே, கனத்த துணியால் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்த முறை இது வராமல் இருக்க: கழுத்தில் நான்கு விரல் இடம் விடுங்கள். இஞ்சிச் சக்கை, பழத்துண்டு எதுவும் பாட்டிலுக்குள் போகக் கூடாது. அந்தத் துணுக்குகளைப் பற்றித்தான் குமிழி ஒரே நேரத்தில் கிளம்பிப் பீறிடும். கோடையில் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். கொஞ்சம் அமுங்குகிறது என்ற நிலையிலேயே குளிர்பெட்டிக்கு அனுப்புங்கள், முழுக்க இறுகும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு வாரத்தில் குடித்துத் தீருங்கள்.

இன்னொன்று. வாயு வந்த அளவுக்கு ஆல்கஹாலும் வரும். ஒரு லிட்டரில் 16, 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஏறத்தாழ ஒரு சதவீதம். ஹைட்ரோமீட்டர் (திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி) வைத்திருப்பவர்கள் எளிதாகக் கணக்கிடலாம். எங்கள் அளவுக்குத் தொடக்கத்தில் 1.038 காட்டும். 1.034-க்கு இறங்கினால் அரை சதவீதம், 1.030 என்றால் ஒரு சதவீதம். அளக்கும் முன் கிண்டி வாயுவைப் போக்குங்கள், இல்லாவிட்டால் குமிழி கருவியைத் தூக்கிவிடும். 20 டிகிரிக்கு அளவிட்ட கருவி 30 டிகிரி வெயிலில் இரண்டு புள்ளி (0.002) குறைத்துக் காட்டும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் அரை சதவீதத்துக்கு மேல் இருப்பது மதுபானக் கணக்கில் வரும். அதனால் நான் லேசான நுரையிலேயே நிறுத்திவிடுகிறேன். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை, யாருக்கும் விற்பதில்லை.

மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது

குனிந்து பாருங்கள். தட்டையாக, சுருக்கம் விழுந்த ஆடை மாதிரி, வெள்ளையாக மட்டும் இருந்தால் அது காற்றில் வளரும் ஒரு வகை ஈஸ்ட். கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, உறையை ஊட்டித் தினம் இரண்டு முறை கிண்டினால் போய்விடும். பஞ்சு மாதிரி, ரோமம் மாதிரி எழும்பி, பச்சை, கறுப்பு, நீலம் எந்த நிறம் இருந்தாலும் பூஞ்சணம். மேலாக வழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இழை உள்ளே இறங்கியிருக்கும். முழுசாகக் கொட்டுங்கள்.

வாசம் சரியில்லை

அழுகிய முட்டை வாசம் என்றால் பயப்பட வேண்டாம். சத்துப் பற்றாத ஈஸ்ட் கந்தக வாசம் விடும். வெள்ளைச் சர்க்கரை மட்டும் சாப்பிட்டு வளர்ந்த உறையில் இது வருகிறது. நாலைந்து உலர்திராட்சை போடுங்கள், அல்லது சர்க்கரையில் கால் பங்கை வெல்லமாக மாற்றுங்கள். நான் மறையூர்ச் சர்க்கரை போடுகிறேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த உருண்டை வெல்லத்துக்கு ஒரு தனி ருசி, இஞ்சியோடு நன்றாகச் சேரும்.

நெயில் பாலிஷ் வாசம் என்றால் வெயில் அதிகம், காற்றும் அதிகம். 32 டிகிரிக்கு மேல் போகிற அடுப்படியை விட்டு, ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள்ளோ தரையோரமாகவோ வையுங்கள். வந்த வாசம் போகாது, அந்தத் தொகுதியை விட்டுவிடுங்கள்.

காடி வாசம் அடித்தால் காற்று புகுந்து ஆல்கஹால் காடியாக மாறுகிறது. குடிக்க முடியாவிட்டாலும் கொட்ட வேண்டாம். வாய்க்குத் துணி கட்டி ஒரு மாதம் விட்டால் சாலட்டுக்கும் ஊறுகாய்க்கும் ஆகும். ஆனால் அதே பாத்திரத்தில் அடுத்த இஞ்சி பீர் போடாதீர்கள்.

நூல் இழுக்கிறது, எண்ணெய் மாதிரி வழிகிறது

வெண்டைக்காய் வழவழப்பு மாதிரி இருக்கும். சர்க்கரையைப் பசையாக மாற்றும் லூக்கோனோஸ்டாக் வகை பாக்டீரியா இதைச் செய்யும். எனக்கு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நோட்டில் 'சாயங்காலம் கழுவிக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்த வாரத்துக்கு அடுத்த வாரம்! உறையையும் சேர்த்துக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பழைய உறையைக் காப்பாற்ற நினைத்தால் அது திரும்பத் திரும்ப வரும்.

கழுவுவதைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். அழுக்கு எடுப்பது ஒன்று, கிருமி நீக்குவது இன்னொன்று. அழுக்கு இருக்கிற இடத்தில் எந்த மருந்தும் வேலை செய்யாது, அதனால் வரிசை மாறக் கூடாது.

பாட்டில் காலியானதும் உடனே தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். காய்ந்த வண்டல்தான் எல்லாத் தொல்லைக்கும் விதை. அடியில் பிடித்திருந்தால் ஒரு கைப்பிடி அரிசியும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் வந்துவிடும். அம்மா எண்ணெய் பாட்டில் கழுவுகிற முறை அது. அப்புறம் நான்கு லிட்டர் வெந்நீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சலவைச் சோடா கரைத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வெந்நீர் வேண்டாம், சுருங்கிவிடும். அலுமினியப் பாத்திரத்தில் சலவைச் சோடா ஆகாது. பித்தளை, செம்பில் புளித்த எதையும் வைக்காதீர்கள், எவர்சில்வரே நல்லது. பிளாஸ்டிக்கில் கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல்தான் பாக்டீரியாவுக்கு வீடு. கழுவியபிறகும் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அது உப்புக்கறை. எலுமிச்சை உப்புக் கரைசலில் போய்விடும்.

இதற்குப் பிறகுதான் கிருமி நீக்கம். எவர்சில்வர், கண்ணாடி ஜாடி, கரண்டி, துணி வடிகட்டி, ரப்பர் வளையம் எல்லாம் 10 நிமிடம் கொதிக்கட்டும். பிளாஸ்டிக்குக்கு, வாசனை சேர்க்காத சாதாரண திரவ பிளீச் ஒரு டேபிள்ஸ்பூன், நான்கு லிட்டர் தண்ணீரில். பத்து நிமிடம் வைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பிளீச்சையும் காடியையும், பிளீச்சையும் எலுமிச்சை உப்பையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். அதனால் உப்புக்கறை எடுத்த நாளில் நன்றாக அலசிக் காயவைத்துவிட்டு, பிளீச்சை மறுநாள் போடுகிறேன். நூல் இழுத்த தொகுதிக்குப் பிறகு ரப்பர் வளையங்களையும் வடிகட்டும் துணியையும் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குங்கள்.

காரமே இல்லை, அல்லது கசக்கிறது

கசப்புக்கு எலுமிச்சைத் தோலின் வெள்ளைப் பகுதி காரணம். சாற்றை மட்டும், அடுப்பை அணைத்துப் பாகு ஆறியபிறகு சேருங்கள். காரம் இல்லையென்றால் இஞ்சி இளசாக இருந்திருக்கும். இளம் இஞ்சியில் வாசம் உண்டு, காரம் குறைவு. கொதிக்கும்போது ஒரு துண்டு சுக்கைத் தட்டிப் போடுங்கள். பச்சை இஞ்சியில் இருக்கும் 'ஜிஞ்சரால்' என்ற காரப்பொருள் காயும்போது 'ஷோகால்' என்ற பொருளாக மாறுகிறது, அது இன்னும் காரம். சுக்குக் காப்பி தொண்டையில் ஏறுவது அதனால்தான்.

நோட்டில் என்ன எழுதுவது

பள்ளிக்கூட நோட்டு போதும், ஒரு தொகுதிக்கு ஒரு பக்கம். தேதி, காலை மதிய வெப்பநிலை, இஞ்சி எடை, எங்கே வாங்கியது, தண்ணீர் எது, சர்க்கரை எது, உறை கடைசியாகச் சாப்பிட்ட நேரம், ஊற்றும்போது பாகின் சூடு, எதை எப்படிக் கழுவினேன், ஹைட்ரோமீட்டர் அளவு. கீழே பாட்டில் எண்களும் ஒவ்வொரு முறை அமுக்கியபோது எப்படி இருந்தது என்பதும். நான் மெத்து, நடு, இறுக்கம் என்று மூன்றே சொல் வைத்திருக்கிறேன். குடித்த நாள் ருசியை ஒரு வரி. காய்ச்சும்போதே எழுதுங்கள், கை பிசுபிசுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. இரவு எழுதலாம் என்றால் சூடும் நேரமும் மறந்துபோகும், மனசு நல்லபடியாகச் செய்த மாதிரியே எழுதவைக்கும்.

மாமாவும் இப்போது நோட்டு போடுகிறார். போன வாரம் படம் எடுத்து அனுப்பினார். முதல் வரி: 'குமுளி, காலை 17, அரிசிப் பானை பக்கம். 4-ம் நாள் மெத்து. கீழே ஊத்தலை.'